துபாய் லைசென்சோடு மன்னார்குடி ரோட்டில்: ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் சித்தப்பா மகன் துபாயில் பதினோரு வருடம் வேன் ஓட்டியவன். அங்கே பெல்ட் போடாமல் ஒருநாள்கூட வண்டியை நகர்த்தியதில்லை. போன முறை லீவுக்கு வந்தபோது திருச்சி ஏர்போர்ட் பார்க்கிங்கில் அவனே டிரைவர் சீட்டில் ஏறினான். பெல்ட்டை இழுத்தான், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினான், அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். பீப் சத்தம் வராமலிருக்க இந்த ஏற்பாடு. "என்னடா இது?" என்றேன். "நம்ம ஊருதானேண்ணே" என்றான்.

துபாயில் பெல்ட் போடாவிட்டால் 400 திர்ஹாம் அபராதம், கூடவே 4 கரும்புள்ளிகள். புள்ளி 24 சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். சிங்கப்பூரிலும் இதே மாதிரி கணக்கு 1983-லிருந்து நடக்கிறது: 24 மாதத்துக்குள் 24 புள்ளி வாங்கினால் வண்டியைத் தொட முடியாது. இங்கேயும் பெல்ட்டுக்கு 1,000 ரூபாய் அபராதம் சட்டத்தில் இருக்கிறது. பின் சீட்டில் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் அங்கே கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், இங்கே அப்படி இல்லை என்றும் தெரியும். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105.

நான் சிங்கப்பூரில் ஆறு வருடம், ஷார்ஜாவில் நான்கு வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கீழே சொல்வதில் பாதி, என் வண்டி பம்பரில் விழுந்த கீறல்கள் சொல்லிக்கொடுத்தவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வந்து ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவர்களுக்கு இது.

முதல் படி: இறங்கிய ராத்திரி ஓட்டாதீர்கள்

வளைகுடா விமானம், சிங்கப்பூர் விமானம் பலவும் நேரங்கெட்ட நேரத்தில்தான் வந்து இறங்கும். வீட்டிலிருந்து ஒரு வேன் பிடித்து எட்டுப் பேர் வந்திருப்பார்கள். வேன் டிரைவர் பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டியவராக இருப்பார். துவாக்குடி தாண்டி, செங்கிப்பட்டி, வல்லம் என்று நாலுவழிச்சாலை நேராகப் போகும். எல்லாரும் பேசி ஓய்ந்து தூங்கிப்போகும் இடமும் அதுதான், டிரைவர் கண் அயரும் இடமும் அதுதான். மொத்தப் பயணத்திலும் ஆபத்தான பகுதி விமானம் இல்லை, இந்த ஒரு மணி நேரம்.

வீட்டுக்கு முன்கூட்டியே போன் போட்டு, "டிரைவர் மதியம் தூங்கினாரா?" என்று கேளுங்கள். அம்மாவுக்கு வினோதமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வழியில் ஒரு டீக்கு நிறுத்தச் சொல்லுங்கள். முன் சீட்டில் பேச்சுக் கொடுக்கிற ஆளை உட்காரவையுங்கள், உங்கள் பெரிய பெட்டியை வைக்காதீர்கள். முடிந்தால் விடிகிறவரை திருச்சியிலேயே தங்குவது இன்னும் நல்லது. ஆனால் அதற்கு நம் வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

காகிதம்

உங்கள் பழைய இந்திய லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது சத்தமில்லாமல் காலாவதியாகியிருக்கும். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பிக்கலாம்; அதைத் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் உள்ளவர்கள், அதைக் கொடுத்த நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். வந்தபின் இங்கே வாங்க முடியாது.

மச்சான் காரை வாங்கி ஓட்டுகிறீர்கள் என்றால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், கொடுத்த மச்சானுக்கும் தனியாக ஒரு 5,000. அப்புறம், லீவுக்கு வந்த பதினாறு வயதுப் பையனிடம் பெரியப்பா ஸ்கூட்டி சாவியைக் கொடுத்து "கடைக்குப் போயிட்டு வா" என்பார். அதற்கு 2019 திருத்தச் சட்டத்தில் வண்டிக்காரருக்கும் பெற்றோருக்கும் 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருடம்வரை சிறையும் இருக்கிறது. பெரியப்பாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

கை, கால், கண்

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. எல்லாம் இடது பக்கம் போகிற நாடுகள். வளைகுடா, அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். நேர்ச்சாலையில் தப்பு வராது, முன்னால் போகிற வண்டி வழி காட்டும். ஆளில்லாத காலை ஐந்து மணிக்கு ஒரு தெருவிலிருந்து மெயின் ரோட்டில் திரும்பும்போது, அல்லது பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக வலது பக்கம் போகும். நான் ஊர் வந்த முதல் வாரம் இரண்டு தடவை அப்படிப் போனேன். அதற்கு என் பரிகாரம்: திரும்பும் முன் "டிரைவர் நடு ரோட்டுப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வது. டிரைவர் சீட் சாலையின் நடுவை ஒட்டி இருந்தால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் கம்பி ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். வளைகுடா வண்டியில் இடது. அதனால் ஒரு வாரத்துக்கு, திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும். வெயிலில் வைப்பர் ஆடுகிற காரைப் பார்த்தால் ஊரே சொல்லும், துபாய்க்காரர் வந்திருக்கிறார் என்று.

ஸ்டியரிங் பிடிக்கும் முன் ஒரு பஸ் ஏறுங்கள்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடிக்கோ, பாபநாசம் வழியாகக் கும்பகோணத்துக்கோ ஒரு பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்காருங்கள். ரோட்டைப் பார்க்காதீர்கள், டிரைவரைப் பாருங்கள். எப்போது காலை எடுக்கிறார், எதற்கு ஹாரன் அடிக்கிறார், எதற்கு அடிக்கவில்லை. பைக்காரரின் தலை திரும்புகிறதா என்று பார்ப்பார். சைக்கிளில் பெரியவர் போனால் தோளைப் பார்ப்பார். தோள் சாய்ந்தால் வண்டி சாயப்போகிறது. ஆட்டுக்கூட்டம் கடக்கும்போது கடைசி ஆடு போன பிறகும் ஒரு நொடி காத்திருப்பார், ஏனென்றால் ஒரு குட்டி எப்போதும் பின்னால் வரும்.

சிங்கப்பூரில் எதிரே வருகிறவர் என்ன செய்வார் என்பதைச் சாலைக்கோடு சொல்லிவிடும். இங்கே அந்த ஆளின் உடம்புதான் சொல்லும். அந்தப் பார்வை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பஸ் டிரைவர் ஓவர்டேக் செய்யும் விதத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம். அவருக்கு டைமிங் இருக்கிறது, பின்னால் இன்னொரு பஸ் துரத்துகிறது. உங்களுக்கு என்ன அவசரம்?

லைட்டும் ஹாரனும் பேசும் பாஷை

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். ஒரே சைகைக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு.

எதிரே வருகிற வண்டி லைட்டை அடித்தால், லண்டனில் பெரும்பாலும் "நீங்க போங்க" என்று அர்த்தம். துபாயில் வேகமாகப் போகிறவர்களுக்கான லேனில் பின்னாலிருந்து அடித்தால் "ஒதுங்கு". இங்கே எதிரே அடித்தால் "நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்". லண்டனிலிருந்து வந்த எங்கள் மாமா பையன் ஒருவன் வெண்ணாற்றுப் பாலத்து முனையில் நின்றுகொண்டிருந்தான். எதிர்முனையில் பஸ் லைட் அடித்தது. வழிவிடுகிறார் என்று நினைத்துத் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறிவிட்டான். நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி, பின்னால் நின்ற பதினைந்து பைக்கை ஒதுக்கி, இவன் காரை ரிவர்ஸில் எடுக்க அரை மணி நேரம் ஆனது. கண்டக்டர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சந்திப்பில் நான்கு இண்டிகேட்டரும் ஒரே நேரத்தில் மின்னினால், மற்ற நாடுகளில் வண்டி பழுது என்று பொருள். இங்கே பலர் "நேராகப் போகிறேன்" என்பதற்கு அதைப் போடுகிறார்கள். அது தப்புப் பழக்கம். பக்கவாட்டில் வருகிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், திரும்புகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் செய்யாதீர்கள், ஆனால் பார்த்தால் குழம்பாதீர்கள். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கம் திரும்பப் போகிறார் என்றும் இருக்கலாம், "இப்போ ஏறி வராதே" என்றும் இருக்கலாம். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பின்னாலேயே இருங்கள். லாரிக்காரர் கையை வெளியே நீட்டி "போ போ" என்று வீசினாலும், அவர் பார்த்த ரோட்டை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

ஹாரன் விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் ரொம்பக் கூச்சப்படுவார்கள். அங்கே ஹாரன் அடிப்பது திட்டுவதற்குச் சமம். இங்கே அது "பின்னால் ஆள் இருக்கிறது" என்ற தகவல். லாரியின் முதுகிலேயே "சவுண்ட் ஹாரன்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கண்ணாடியே இல்லாத பைக்கைக் கடக்கும்போது சின்னதாக ஒன்று அடியுங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம் பக்கம் வேண்டாம். மாட்டுக்கு அடித்துப் பயனில்லை.

பாலமும் கரையும்

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கே இது புதிது. டெல்டாவில் பாதி ரோடு ஆற்றங்கரை மேலே போகிறது. கரையோடு நேராகப் போய், திடீரென்று செங்குத்தாகத் திரும்பிப் பாலத்தில் ஏறி, இறங்கியதும் மறுபடி செங்குத்தாகத் திரும்பும். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று எதைக் கடந்தாலும் இதே கதை. பழைய பாலங்களில் ஒரு பஸ் போனால் எதிரே சைக்கிள்தான் போக முடியும். முதலில் பாலத்தில் ஏறியவருக்கு வழி, எழுதாத சட்டம் அதுதான். ஆனால் எதிரே பெரிய வண்டி என்றால் அவர் பிறகு ஏறியிருந்தாலும் நீங்கள்தான் பின்வாங்க வேண்டியிருக்கும். இதில் நியாயம் பேசி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் வெளிநாட்டுப் பழக்கத்தில் சாலையோரத்தில் இறங்கப் பார்ப்பீர்கள். அங்கே சாலையோரம் என்பது கெட்டியான பகுதி. இங்கே அது மண், அதற்கப்புறம் ஆறு. தார் மேலே தார் போட்டு விளிம்பு ஒரு ஜாண் உயர்ந்திருக்கும். வேகத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையில் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் களிமண் காரை விழுங்கும். ஆகவே, தூரத்தில் பஸ்ஸைப் பார்த்தவுடனேயே வேகத்தைக் குறைத்து, அகலமான இடமாகப் பார்த்துத் தார் மேலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். நின்ற வண்டியைச் சுற்றிப் போக பஸ் டிரைவருக்குத் தெரியும்.

கூகுள் மேப் குறுக்கு வழி காட்டினால் பகலில் போய்ப் பாருங்கள், ராத்திரி போகாதீர்கள். கல்லணைக் கால்வாய்க் கரைகளில் பல இடங்களில் தடுப்புச்சுவர் கிடையாது, உள்ளே வழுக்கும் கான்கிரீட் சரிவு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அதாவது நீங்கள் குடும்பத்தோடு வரும் மாதங்களில்தான் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடந்த பழைய ஞாபகத்தில் கணக்குப் போட வேண்டாம்.

பஞ்சாங்கம் பார்த்து ஓட்டுங்கள்

துபாய் ரோடு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். டெல்டா ரோடு மாசத்துக்கு மாசம் மாறும், ஏனென்றால் ரோடு இங்கே களமும்தான்.

தை, மாசியில் சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் செங்கல்லோ கல்லோ வரிசையாக வைத்திருப்பார்கள். பகலில் ஆபத்தில்லை. ராத்திரி அந்த நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிட்டுப் போவார்கள். எதிரே ஒரு ஹைபீம் லைட் வந்தால் அந்தக் குவியல் கண்ணுக்கே தெரியாது. கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே டிராக்டரும் லாரியும் வரிசையில் நிற்கும், பல டிரெய்லர்களில் பின்விளக்கு இருக்காது. வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் ரோட்டைவிட அகலமாகப் போகும். அறுவடை மெஷின் ஏற்றிய லாரி எதிரே வந்தால் தயங்காமல் நின்றுவிடுங்கள். இதே காட்சி சின்ன அளவில் புரட்டாசிப் பக்கம், குறுவை அறுவடைக்கு.

பங்குனி, சித்திரையில் உளுந்தும் பயறும். செடியோடு ரோட்டில் பரப்பிவைப்பார்கள், வண்டிச் சக்கரம் அடித்துக்கொடுக்கும் என்று. கார்க்காரர்கள் அதன்மேல் ஜாலியாக ஏறிப் போகிறார்கள். கொடி அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். பைக் என்றால் வழுக்கும். சுற்றிப் போக இடமிருந்தால் சுற்றிப் போங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாகப் போய், தாண்டியதும் இறங்கி அடியில் பாருங்கள். விவசாயியிடம் சண்டை போடாதீர்கள். அவருக்குக் களம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அதற்கு முன்பிருந்தே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் காவி உடுத்தி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போவார்கள், வெயிலுக்குப் பயந்து ராத்திரியில். களைப்பில் ரோட்டோரத்திலேயே படுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் இரவுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மார்கழிக் காலையில் வயலிலிருந்து எழும் பனி பத்தடிக்கு மேல் காட்டாது. ஏழரை மணிவரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

வாத்துக்கூட்டம் கடந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். அது முடிய நேரமாகும்.

கேட், வேகத்தடை, மற்றவை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு சோகக்கதை சொல்வார்கள். கேட் மூடியதும் இடது பக்கம் வரிசை நிற்கும், பின்னாலிருந்து வருகிறவர்கள் வலது பக்கத்தையும் நிரப்புவார்கள். எதிர்ப்பக்கமும் அதே. கேட் திறந்ததும் இரண்டு படை எதிரெதிரே. நீங்கள் இடது வரிசையிலேயே நில்லுங்கள். நாலு பேர் முந்துவார்கள், முந்தட்டும். இடது வரிசைதான் கடைசியில் முதலில் நகரும்.

வேகத்தடைக்கு விதிப்படி உயரம் 10 செண்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். கிராமத்தில் ஒரு விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போட்டது அப்படி இருக்காது, வெள்ளைக்கோடும் இருக்காது. கோயில் வளைவு, பள்ளிக்கூடம், ஆலமரத்தடி டீக்கடை, இதில் ஒன்று கண்ணில் பட்டால் தடை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலுவழிச்சாலையில் இடது ஓரமாக எதிரே ஒரு பைக் வரும். யு டர்ன் ரொம்ப தூரத்தில் இருக்கிறதாம். இறுதி ஊர்வலம் போன ரோட்டில் பூமாலை கிடக்கும், பைக் சக்கரத்துக்கு அது எண்ணெய் மாதிரி.

எதை அங்கிருந்து கொண்டுவர வேண்டும்

பெல்ட், ஹெல்மெட், குழந்தை சீட். இவை மூன்றையும் விமானத்தில் கழற்றிவிட்டு வராதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட யார் பைக்கில் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்காரும் அத்தைக்கும் சேர்த்து. கோயிலுக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்பியவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டுப் போய்விட்டு, கோயில் வாசலில் பூ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழிக்கு வந்தார்கள்.

குடி பற்றி ஒரு செய்தி. சிங்கப்பூரில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம்வரை ஆல்கஹால் இருந்தால் சட்டம் விடும். இந்தியாவில் எல்லை 30. சட்டம் நம் ஊரில்தான் கடுமை. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும்கூட. கல்யாண வீட்டுக்குப் போகும்போதே திரும்பி ஓட்டுகிறவர் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "ஒரு பீர்தானே மாப்ளே" என்கிறவர் கையில் சாவி இருக்கக் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்

வண்டியை ஓரம்கட்டி, அடிபட்டவரைப் பார்த்துவிட்டு முதலில் 108. நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. கூட்டம் கூடும், சத்தம் போடும், ஆனால் அந்தக் கூட்டம்தான் ஆளைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றும். உதவி செய்தவரைப் போலீஸ் கேஸ் என்று அலையவிடக் கூடாது என்று சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனையோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

அப்புறம் யாராவது பெரியவர் வந்து "பேசி முடிச்சிக்கலாம் தம்பி" என்பார். கண்ணாடி உடைந்தது, பம்பர் நெளிந்தது என்றால் பேசி முடிக்கலாம். ஆளுக்குக் காயம் என்றால் வேண்டாம். போலீசில் பதிவு இல்லாமல் அவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம். பதிவு செய்தால் உங்கள் டிக்கெட் தேதி தள்ளிப்போகும் என்று பயப்படுவீர்கள். போகட்டும்.

லீவு முடிந்து திரும்புகிறவர்களுக்கு ஒன்று. ஷார்ஜாவில் இருந்த காலத்தில் இரண்டு மாதம் ஊரில் ஓட்டிவிட்டுப் போன முதல் நாள், சிக்னல் பச்சையானதும் என் கை தானாக ஹாரனில் போய் விழுந்தது. முன்னால் இருந்த டாக்சி டிரைவர், பெஷாவர்க்காரர் என்று பிறகு தெரிந்தது, அடுத்த சிக்னலில் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "லீவு முடிஞ்சு எத்தனை நாளாச்சு?" என்று இந்தியில் கேட்டார். "நேத்து ராத்திரிதான் வந்தேன்" என்றேன்.

"தெரியுது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.